முதலில் ‘நோ’ அடிக்கும் அக்கா

நான் வேலையில் சேருமுன்பே அவரைப் பற்றிய பேச்சு என் காதுக்கு வந்துவிட்டது. கேன்டீனில் யாரோ சொன்னதாக வாசல் காவலாளி சொன்னார்: ஃபைல்களைத் திருத்தும் ஏதோ ஒரு எடிட்டர் மென்பொருளை இன்ஸ்டால் செய்ததற்காக அந்த அம்மா ஒருவனை அழவைத்து ஊருக்கே அனுப்பிவிட்டாராம். எனக்கு ஆறு மாதம் தகுதிகாண் காலம். அதில் தேறினால்தான் இந்த நாட்டில் தொடர்ந்து இருக்க விசா.

மருத்துவமனையின் சர்வர் கணினிகளைப் பதினெட்டு வருடமாகக் கவனித்துவந்த அவரை எல்லாரும் ‘நோ அக்கா’ என்பார்கள். லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் சர்வரில் எதை நிறுவச் சொன்னாலும், அது என்னென்ன வரும், என்னென்ன போகும் என்று பட்டியலிட்டு, சம்மதமா என்று கேட்கும். அக்கா முதல் தடவை ‘நோ’ அடிப்பார். திரையில் விரல் வைத்துப் பட்டியலை வாசிப்பார். மறுபடி கட்டளை கொடுத்து, அப்புறம்தான் ‘யெஸ்’. கணவர் கல்யாணத்துக்குக் கேட்டபோதும் முதலில் நோதானாம். அவரே சொல்லிச் சிரிப்பார்.

இரண்டாவது மாதம் ஒரு காலை, அக்கா மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தார். லேப் சர்வரில் ஒரு ஃபைலில் ஒரே ஒரு வரியை மாற்ற வேண்டும். எனக்குப் பழகிய எடிட்டர் அதில் இல்லை. நிறுவச் சொன்னேன். பட்டியல் வந்தது. இரண்டு மொழிகளில் படித்தவன் நான்; ஒன்றிலும் அதைப் படிக்கவில்லை. ‘யெஸ்’ அடித்தேன். எடிட்டர் வந்தது. ரத்தப் பரிசோதனை முடிவுகளை அச்சிடும் மென்பொருள் போனது.

உடனே அக்காவைப் போனில் அழைத்தேன்.

“அக்கா, லேப்ல பிரின்ட் வரல. அந்த சாஃப்ட்வேர் போயிடுச்சு.”

“எப்படிப் போச்சு? கால் முளைச்சுதா?”

“நான்தான்க்கா. பட்டியலைப் பாக்காம யெஸ் குடுத்துட்டேன்.”

“சரி. லேபுக்குப் போன் போட்டு, அரை மணி நேரம் ரிசல்ட்டைக் கையால எழுதச் சொல்லு. அப்புறம் எதெது போச்சுன்னு சர்வர்லயே பதிவாகியிருக்கும், அதை ஒண்ணொண்ணா எனக்கு வாசி. மெதுவா வாசி. டீச்சர் என்னைத் திட்டத்தான் கூப்பிட்டிருக்காங்க, எனக்கொண்ணும் அவசரமில்ல.”

நாலு பெயர்கள். அவர் சொன்ன வரிசையில் திரும்ப நிறுவினேன். ஒவ்வொன்றுக்கும் முதலில் நோ. இருபத்தைந்தாவது நிமிடம் பிரின்டர் கனைத்தது.

மறுநாள் என்னைச் சம்பவ அறிக்கை எழுதவைத்தார்.

“‘மென்பொருள் நீக்கப்பட்டது’ன்னு எழுதியிருக்க. யாரு நீக்கினா, ஆவியா?”

‘பட்டியலைப் படிக்காமல் நான் சம்மதித்தேன்’ என்று மாற்றிக் கையெழுத்துப் போட்டேன். பெட்டி கட்டுவதற்கே கையெழுத்துப் போட்டதுபோல் இருந்தது. அக்கா அதை வாங்கி, கீழே ஒரு வரி சேர்த்தார்: ‘உடனே உண்மையைச் சொன்னார், அதனால் அரை மணியில் சரியானது.’

“அப்போ அழுதுட்டு ஊருக்குப் போனவரு?” என்றேன்.

“அவன் சாயங்காலம் வரைக்கும் யார்கிட்டயும் சொல்லல, தம்பி. வார்டு பூரா ரிசல்ட்டுக்குக் காத்துக்கிட்டு இருந்துச்சு.”

இன்று மேலாளர் பணி நிரந்தரக் கடிதத்தைக் கொடுத்தார். அவர் மேசையில் அந்த அறிக்கை விரிந்து கிடந்தது. அக்காவின் வரிக்கு அடியில் பென்சில் கோடு.

அக்கா போன மாதம்தான் நகரத்தின் மறுகோடியிலுள்ள கிளைக்கு மாறினார். வீட்டுக்குக்கூட இன்னும் சொல்லவில்லை; முதலில் அவரை அழைத்திருக்கிறேன். சர்வர் அறைக்குள் போகும்போது போனை வெளியே டிராயரில் வைத்துவிட்டுப் போவார் என்பது எனக்குத் தெரியும். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. போனை வைக்க மனசில்லை.