சந்தனம் வைத்த பத்திரம்

ஆடி மாதக் கடைசியில் ஒரு போன். அண்ணன் மகள் பேச்சி. பாளையங்கோட்டையில் ஒரு வக்கீலிடம் ஜூனியராக இருக்கிறாள்.

"சித்தப்பா, ஆவணியில எனக்குக் கல்யாணம். அப்பா சொன்னாவளா?"

"சொன்னாவ. ரொம்ப சந்தோஷம்ட்டி. சித்தப்பா என்ன வாங்கித் தரணும், சொல்லு." பீரோவா, வாஷிங் மெஷினா என்று மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"தலைவாசல் வேணும்."

வாங்கித் தருகிற பொருளா அது?

வீரவநல்லூரில் இருக்கும் எங்கள் பூர்வீக வீட்டைப் பற்றி நான் வாராவாரம் எழுதும் இந்தப் பத்தியில் இரண்டு முறை பீற்றிக்கொண்டிருக்கிறேன். முதல்முறையாக வருகிறவர்களுக்காகச் சுருக்கமாக… என் தாத்தாவும் அவருடைய தம்பியும் அந்த வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். மேற்குப் பாதி எங்களுக்கு - தேக்கு நிலையும் பித்தளைக் குமிழ்களுமாகத் தலைவாசல் அதில் இருக்கிறது. கிழக்குப் பாதி தம்பி வாரிசுகளுக்கு. கிணறு அந்தப் பக்கம் போய்விட்டது. இப்போது அங்கே இருப்பவர் தம்பியின் பேரன் கணபதி அண்ணன். பேச்சியின் அப்பா.

எங்கள் பாதியில் இப்போது யாரும் இல்லை. பூட்டுத்தான் தொங்குகிறது. சாவி நெல்லை டவுனில், என் வீட்டு ஆணியில்.

தலைவாசல் இல்லாததால் அண்ணன் வீட்டார் போக்குவரத்தெல்லாம் பக்கத்து முடுக்கு வழியாக. அந்தச் சந்தில் இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாது. அந்த வீட்டுப் பெண்கள் மாலையும் கழுத்துமாக அதில் ஒவ்வொருவராகத்தான் கிளம்பிப் போனார்கள். பேச்சியின் கடைசி அத்தை கல்யாணத்துக்குத் தவில்காரர் பக்கவாட்டில் நண்டு மாதிரி நடந்ததைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். பேச்சிக்குக் கல்யாணம் மண்டபத்தில்தான். ஆனால் பெண் கிளம்புவது வீட்டிலிருந்துதானே?

"அதுக்கென்ன, அன்னைக்கு ஒரு நாள் திறந்து விடுதேன்" என்றேன். எனக்கே என் பெருந்தன்மை பிடித்திருந்தது.

"நீங்க திறந்து விட்டா, உங்க தயவுல போனதா ஆயிரும் சித்தப்பா. எங்க அத்தைமாரு மூணு பேரும் முடுக்கு வழியா போனாவ. எனக்குப் பாத்தியம் உண்டுன்னா தலைவாசல் வழியா போறேன். இல்லைன்னா நானும் முடுக்குல போயிக்கிடுதேன். பாகப் பத்திரத்துல என்ன இருக்கு?"

"தலைவாசல் எங்களுக்குத்தான்னு தெளிவா எழுதியிருக்கு."

"வாசிச்சியளா?"

நான் வாசித்ததில்லை. அப்பா வாசித்ததில்லை. ஆனால் மஞ்சள் துணியில் சுற்றிய அந்தப் பத்திரத்தை ஒவ்வொரு சரஸ்வதி பூஜைக்கும் எடுத்துச் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, சூடம் காட்டி, மறுபடி உள்ளே வைத்துவிடுவோம். அவ்வளவு மரியாதையான பொருளை யாராவது பிரித்துப் பார்ப்பார்களா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் பேச்சி வந்துவிட்டாள். இத்தனை வருஷச் சந்தனத்தில் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. என் மனைவி இட்லிச் சட்டி ஆவியில் காட்டிக் காட்டிப் பிரித்துக் கொடுத்தாள். அந்தக் காலத்துக் கையெழுத்தைப் பேச்சி தடுமாறாமல் வாசித்தாள். மூன்றாம் பக்கத்தில் நிறுத்தி, திரும்பவும் வாசித்தாள்.

'மேற்படி வீட்டின் தலைவாசலும் கிணறும் இருவருக்கும் இருவருடைய வாரிசுகளுக்கும் பொதுப் பாத்தியம். நடுச்சுவரில் உள்ள கதவை எத்தரப்பாரும் அடைக்கக் கூடாது.'

நடுச்சுவரில் ஒரு கதவு உண்டு. ஆணி அடித்து மூடிய கதவு. அடைக்கிற சுவரில் எதற்குக் கதவு வைத்தார்கள் என்று ஒருநாள்கூட நான் யோசித்ததில்லை. வாரத்துக்கு ஒரு பக்கம் ஊருக்கு யோசனை சொல்கிற ஆள் நான்!

பேச்சி ஜெயித்த மாதிரி சிரிக்கவில்லை. பத்திரத்தை மடித்து என் கையில் தந்தாள். எனக்கு அம்மா ஞாபகம் வந்துவிட்டது. முப்பது வருஷம் தெருக்குழாயில் வரிசையில் நின்று, இடுப்பு ஒடிய ஒடியக் குடம் சுமந்தவள். சுவருக்கு அந்தப் பக்கம் கிணற்றில் வாளி விழும் சத்தம் எங்கள் அடுப்படியில் கேட்கும். தரமாட்டேன் என்று யாரும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

கணபதி அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"எங்க வீட்லயும் ஒரு நகல் கெடக்குலே" என்றார். "வருஷா வருஷம் குங்குமம் வைக்கோம். பிரிச்சுப் பாக்கலையே!"

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு தச்சர் வந்து அந்த நடுக்கதவைப் பெயர்த்தார். "ரெண்டு பக்கமும்லா ஆணி அடிச்சிருக்கீய" என்றார். யார் முதலில் அடித்தது? எங்கள் ஆள் என்று அண்ணனும் சொல்லவில்லை, அவர்கள் ஆள் என்று நானும் சொல்லவில்லை. தொண்ணூறு சதவீதக் குடும்பச் சண்டைகள் இந்த இடத்தில் நின்றுவிட்டால் நாட்டில் வக்கீல்களுக்கு வேலை இருக்காது - பேச்சி மன்னிக்கவும்.

கதவு திறந்ததும் அண்ணன் முதலில் செய்த காரியம், கிணற்றில் ஒரு குடம் இறைத்துக்கொண்டு வந்து எங்கள் அடுப்படியில் வைத்ததுதான்.

"சித்தி இருக்கையில குடுத்திருக்கணும்லே இதை" என்றார்.

அழுதேன். ஐம்பத்தாறு வயதில், தச்சர் முன்னால், நன்றாகவே அழுதேன்.

போன வாரம் பேச்சி கல்யாணம். பட்டுச்சேலையோடு நடுக்கதவைத் தாண்டி, எங்கள் பட்டாசாலை என்கிற முன்கூடம் வழியாக நடந்து, தலைவாசலில் ஒரு நிமிஷம் நின்றாள். மூன்று அத்தைமாரையும் கூப்பிட்டாள். "நீங்க முன்னால போங்க" என்றாள். அத்தைமார் மூவரும் கையைக் கோத்துக்கொண்டு, பக்கம் பக்கமாகப் படியிறங்கினார்கள். தவில்காரர் நேராக நடந்தார்.

தலைவாசல் பூட்டுக்கு இன்னொரு சாவி வெட்டி அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். தயவில் இல்லை, பாத்தியத்தில்.

உங்கள் வீட்டு பூஜை அலமாரியிலும் ஒரு மஞ்சள் துணி மூட்டை இருக்குமே? இந்தச் சரஸ்வதி பூஜைக்கு முதலில் பிரித்து வாசியுங்கள்… சந்தனத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.