ஏழு நிமிடம் வந்த இடது கை

அந்தப் படத்தில் ஏழு நிமிடம் கைகள் மட்டும்தான் வரும். கணவனைப் பறிகொடுத்த தையல்காரி, வாய் திறக்காமல், அவன் சட்டையைப் பிரித்து மகளுக்குக் கவுன் தைப்பாள். அந்த ஏழு நிமிடத்துக்குத்தான் நடிகைக்கு விருது. இருபது வருடம் ஆடியும் அழுதும் கிடைக்காத பெயர். அழுகை அவருடையதுதான், இல்லையென்று நான் சொல்லவில்லை. கை அவருடையது இல்லை. அது எங்கள் அக்காவின் கை.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. ஸ்டூடியோவின் உடை அறையில் அவள் தைப்பாள், நான் இஸ்திரி போடுவேன். பதினாறு வருடமாக ஒரே ஃபேனுக்கு அடியில் வேகிறோம். அவளுக்கு இடது கைப் பழக்கம். சின்ன வயதில் அவள் அம்மா அந்தக் கையை நாடாவால் கட்டிப்போட்டு அடித்திருக்கிறாள். கத்தரிக்கோல்கூட வலது கைக்காரர்களுக்காகச் செய்ததுதான். அதோடு மல்லுக்கட்டியே தொழில் படித்தாள். இத்தனைக்கும் பிறகு உடை அறையில் அவளுக்குப் பெயர் பீச்சாங்கை. "ஏய் பீச்சாங்கை, பட்டன் தைச்சாச்சா?" என்றுதான் மேனேஜர் கூப்பிடுவார்.

படப்பிடிப்பில் நடிகைக்கு ஊசியில் நூல் கோக்கவே வரவில்லை. பதினோரு டேக். டைரக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். கடைசியில் அக்காவை உட்காரவைத்துக் கையை மட்டும் எடுத்தார்கள். ஒரே டேக்கில் முடிந்தது. அதற்குப் பிறகுதான் அது இடது கை என்பதே அந்த மேதாவிகளுக்கு உறைத்தது. மற்ற ஷாட்டுகளில் நடிகையையும் இடது கையில் ஊசியைப் பிடிக்கச் சொல்லிச் சமாளித்தார்கள். "வெளிய மூச்சு விட்டே, வேலை போயிடும்" என்றார் மேனேஜர்.

படம் வந்தது. 'பாத்திரத்துக்காக இடது கைக்கே மாறிய தவம்' என்று ஒரு பத்திரிகை எழுதியது. சரி, எழுதியவனுக்குத் தெரியாது. தெரிந்தவர் என்ன செய்தார்? டிவியில் உட்கார்ந்து, "ஆறு மாசம் இடது கையாலதான் தைச்சேன், இடது கையாலதான் எழுதினேன்" என்றார். நாக்குக் கூசவில்லையே! அக்கா செய்தால் பீச்சாங்கை, மேடம் செய்தால் தவமா?

அக்கா அதற்கும் வாயைத் திறக்கவில்லை. மகளிடம் மட்டும் சொல்லியிருந்தாள். நாலாவது படிக்கிற பிள்ளை, வகுப்பில் "அது எங்கம்மா கை" என்று சொல்லிவிட்டது. வகுப்பே சிரித்திருக்கிறது. டீச்சர் நோட்டில் 'நான் பொய் சொன்னேன்' என்று எழுதவைத்து, கீழே வீட்டில் கையெழுத்து வாங்கி வரச் சொல்லிவிட்டார். பிள்ளை இரண்டு நாளாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. "நீ என்கிட்ட பொய் சொன்னியாம்மா?" என்று கேட்டதாம். அதைக் கேட்டதும் எனக்கு இஸ்திரிப் பெட்டியை யார் தலையிலாவது போடலாம் போல இருந்தது.

அது தன் கைதான் என்று டீச்சருக்கு ஒரே ஒரு வரி எழுதித் தரச் சொல்லி அக்கா மேனேஜரிடம் கேட்டாள். "கம்பெனி மானத்த வாங்கப் பாக்கிறியா? போய் வேலையப் பாரு" என்று விரட்டினார். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்று சும்மாவா சொன்னார்கள்.

அடுத்த வாரம் இரண்டாம் பாகத்தின் படப்பிடிப்பு தொடங்கியது. மறுபடியும் கைகள். விளக்கெல்லாம் போட்டாயிற்று, கேமரா தயார். கூப்பிட்டதும் அக்கா வந்தாள். ஆனால் ஊசியை எடுக்கவில்லை. பையிலிருந்து நோட்டை எடுத்துக்கொண்டு நேராக நடிகையிடம் போனாள்.

"என்னம்மா இது?"

"என் பொண்ணோட நோட்டும்மா. டீச்சர் கையெழுத்துக் கேட்டிருக்காங்க."

"அதுக்கு நான் ஏன் போடணும்?"

"படிச்சுப் பாருங்க."

நடிகை படித்தார். ஒரே வரிதான். அழித்து அழித்து எழுதியதில் தாள் நைந்துபோயிருந்தது.

மேனேஜர் ஓடிவந்தார். "ஏய், பைத்தியமா உனக்கு? வெளிய போ!"

"போறேன் சார். வேலை போகும்னு தெரிஞ்சுதான் வந்தேன்." அக்கா பேனா மூடியைக் கழற்றினாள். "பொய் சொன்னவங்கதானே இதுல கையெழுத்துப் போடணும்?"

நடிகை யாரையும் நிமிர்ந்து பார்க்காமல், பேனாவுக்காக வலது கையை நீட்டினார்.

அக்கா பேனாவைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"அந்தக் கை இல்லம்மா. ஆறு மாசம் எழுதிப் பழகினீங்களே, அந்தக் கையால போடுங்க."