குதிரைத் தளபதிக்குச் சுருட்டு வைத்த வீடு

எங்கள் அப்பா பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்து, அங்கேயே மரத்தைச் சீவிப் பால் எடுக்கும் பால்மரம் வெட்டு வேலை செய்து, தொழிற்சங்கக் கிளைத் தலைவராகவும் இருந்து, கடைசிக் காலத்தை லூனாசில் எங்களோடு கழித்தவர். அவரை அறிந்த எல்லாருக்கும் அவர் சொல்லும் கதையும் தெரியும். அதை விட்டுவிட்டு அப்பாவைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

செஞ்சேனையின் தொடக்க காலத்துக் குதிரைப்படைத் தளபதி ஒருவரின் கதை அது. ரஷ்யப் பெயர் எங்கள் வாயில் நுழையாததால் அவர் எங்களுக்கு வெறும் 'தளபதி'. குடியானவர் மகனாகப் பிறந்து, மன்னரின் படையில் சிப்பாயாக இருந்தவர். புரட்சி வந்ததும் ஊர்க்காரர்களையும் உழவுக் குதிரைகளையும் திரட்டி ஒரு படையையே உண்டாக்கினார். காலில் பூட்சு இல்லாதவர்களை வைத்துக்கொண்டு பெரிய பெரிய அதிகாரிகளை ஓட ஓட விரட்டினார். எடுத்த ரப்பர் பாலை நிறுத்துக் கொடுத்தபின் ஸ்டோர் வாசலில் அப்பா இதை ஆரம்பித்தால், சைக்கிளில் ஏறியவர்கள்கூட இறங்கிவிடுவார்கள். கதை வெற்றி ஊர்வலத்தோடு நின்றுவிடும். அப்புறம் என்ன ஆனது என்று கேட்டால், "நாளைக்கு வேலை இருக்கு, போய்ப் படுங்க" என்பார்.

தளபதியின் படம் ஒன்று கண்ணாடிச் சட்டத்தில் சாமி மேடைக்கு மேலே தொங்கியது. ஜித்ராவிலிருந்து மணமாகி வந்த அம்மா, மீசையையும் குதிரையையும் வாளையும் பார்த்து மதுரைவீரன் என்றே நினைத்துவிட்டார். திருநீறு பூசி, சந்தனப் பொட்டு வைத்து, முனியாண்டி பூசையன்று சுருட்டும் வைத்தார். சாமி கும்பிடாத அப்பா வாயைத் திறக்கவே இல்லை. உண்மை தெரிந்த பிறகும் அம்மா நிறுத்தவில்லை. "வீட்டுக்கு வந்தவர இறக்கியா விடச் சொல்றீங்க?" என்று கேட்டாராம்.

தோட்டம் கைமாறி, எல்லாரையும் வீட்டைக் காலி செய்யச் சொன்னபோது எங்கள் வீட்டில் சிரிப்பு போனது. அப்பா ஒருநாள் தனியாக மேனேஜர் பங்களாவுக்குப் போய் வந்தார். அதைப் பார்த்த அவருடைய உயிர்த்தோழர் கன்னையா மாமா, ஆள்கள் எல்லார் முன்னாலும், "நம்மள வித்துட்டான்லா" என்று சொல்லிவிட்டார். பிள்ளைகளின் பரீட்சை முடியும்வரை நாங்கள் குடியிருந்த லயங்களை இடிக்க வேண்டாம் என்று கேட்கத்தான் அப்பா போனார். கேட்டதும் கிடைத்தது. ஆனாலும் அவர் தன் வாயால் எவரிடமும் விளக்கம் சொல்லவில்லை. அவ்வளவு ரோசம். லூனாசுக்கு வந்தபின் தளபதி கதையையும் அவர் சொல்லவே இல்லை.

போன ஆண்டு அப்பா மருத்துவமனையில் படுத்திருந்தபோது, அம்மா கேட்டார்: "அவருக்கு அப்புறம் என்னதாங்க ஆச்சு? இத்தன வருசம் சாம்பிராணி போட்டிருக்கேன், எனக்குத் தெரிய வேணாமா?"

அப்பா சொன்னார்: "சொந்த ஆளுங்களே துரோகின்னு சுட்டுட்டாங்க. ரொம்ப வருசம் கழிச்சு, அவர் மேல தப்பில்லன்னு சொன்னாங்க. கேக்க அவர் இல்ல."

மறுநாள் காலையில் அம்மா எங்களிடம்கூடச் சொல்லாமல் பஸ் ஏறி, பீடோங்கில் கன்னையா மாமா வீட்டு வாசலில் போய் நின்றார். "அண்ணே, அந்தக் குதிரக்காரருக்குச் செத்த பிறகுதான் சொன்னாங்களாம். எங்க வீட்டுக்காரருக்கு இப்பவே வந்து சொல்லிடுங்க."

பரீட்சை விஷயத்தைத் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி மூலம் மாமா எப்போதோ அறிந்திருந்தார். வெட்கம்தான் அவரைத் தடுத்திருந்தது. அன்று மாலையே பழைய தோட்டத்து ஆள்களையும் கூட்டிக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தார். "அன்னிக்கு இவங்க முன்னாடி சொன்னேன், இன்னிக்கும் இவங்க முன்னாடியே சொல்றேன். நீ யாரையும் விக்கல மாப்ள. நான்தான் வாய விட்டுட்டேன்" என்று சொல்லி அழுதார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "டீ குடிச்சியாலா?" என்று கேட்டார். அவர்கள் போனபின் அம்மாவிடம், "தளபதிக்கு இது கிடைக்கல" என்றார். அதற்குப் பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லை.

இதை எழுதலாமா என்று மாமாவிடம் கேட்டேன். "எழுதும்மா, மறைக்காத" என்றார்.

அப்பாவை அன்போடு கவனித்த தாதியர்க்கும், இறுதிக் காரியங்களில் தோள் கொடுத்த லூனாஸ் அண்டை வீட்டாருக்கும், ஜித்ரா உறவினர்க்கும் எங்கள் வணக்கம். முதலாண்டுப் படையலில் அப்பாவுக்குப் பிடித்த டீயும், பக்கத்திலேயே தளபதிக்கு ஒரு சுருட்டும் வைத்திருக்கிறோம். அப்பாவின் பாடையைத் தூக்கியதற்காக மட்டுமல்ல, அவர் காது கேட்கும்போதே வந்து அந்த வார்த்தையைச் சொன்னதற்காகவும், கன்னையா மாமாவுக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி.