இருதயம் பார்க்காத நடுப்பகுதி

இருதயம் பழைய சைக்கிள் டியூபை இழுத்துப் பிலிம் பெட்டிகளின் குறுக்கே போட்டு, கேரியருக்கு அடியில் கொக்கியில் மாட்டும்போதே தலையைத் தியேட்டர் பக்கம் சாய்த்து வைத்திருக்கிறார். உள்ளே யாரோ யாரையோ அடிக்கிறார்கள். ஈரத்துணியைக் கல்லில் அறைவதுபோல் சத்தம் வருகிறது. "இப்ப அடி வாங்குறது அந்தப் பையன்தான்," என்கிறார், யாரையும் பார்க்காமல். இன்னொரு அடி விழுகிறது. "இதுவும் அவனுக்குத்தான்." டி.வி.எஸ். ஐம்பதைத் தள்ளிக்கொண்டே ஓடி, ஏறி உட்கார்ந்து, மில் விட்டு வரும் சைக்கிள்களுக்கு நடுவே புகுந்து போய்விடுகிறார்.

ராஜபாளையத்துத் தியேட்டருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தியேட்டருக்கும் சேர்த்து ஒரே பிரிண்ட்தான் வரும். இங்கே ஆட்டம் தொடங்கி ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்து அங்கே தொடங்குவார்கள். முதலில் ஓடி முடித்த சுருள்களை இருதயம் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, திரும்பி வந்து மிச்சத்தை எடுத்துக்கொண்டு மறுபடி போக வேண்டும். இரண்டாவது தடவை போனால் அங்கே நிற்க முடியாது. ஓடி முடிந்த முதல் பெட்டிகளை ராஜபாளையத்து இரவு ஆட்டத்துக்காகத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். எல்லா ஆட்டத்துக்கும் இதே ஏற்பாடுதான்.

நாற்பது வயதிருக்கும். ஒல்லி. சட்டைக்குள் கழுத்தில் மாதா படம் கோத்த உத்தரியக் கயிறு தெரியும். பெட்டியை வெறுந்தரையில் வைக்க மாட்டார், முதலில் சாக்கு விரிக்க வேண்டும். மழை வந்தால் சட்டையைக் கழற்றிப் பெட்டிக்குப் போர்த்திவிட்டு வெற்றுடம்போடு ஓட்டுவார். தியேட்டருக்கு எதிரே முத்து முகம்மதுவின் கடையில் டீ குடிக்கும்போதும் இடது கை பெட்டியின் மேல் இருக்கும். ஏற்றும்போதும் இறக்கும்போதும் ஒவ்வொரு பெட்டியாகத் தோளில் வைத்துத்தான் எடுப்பார். "பொட்டிக்கு ஒண்ணுன்னா நாமதான பதில் சொல்லணும்," என்பார்.

இந்த வேலையில் அவருக்குக் கிடைத்தது இரண்டு துண்டுகள். முதல் சுருள்களுக்குக் காத்திருக்கும்போது படத்தின் தொடக்கம். திரும்பி வந்து கடைசிச் சுருளுக்குக் காத்திருக்கும்போது முடிவு. நடுவில் உள்ளது ஓடும்போது அவர் சாலையில் இருப்பார். தமிழ்ப் படத்துக்கு இது ஒரு குறையாகத் தெரியவில்லை. "நடுவுல என்ன, பாட்டு. கலியாணம். சந்தேகப்பட்டு வெளிய அனுப்பிருவாங்க. நாம பாக்காமலே சொல்லிரலாம்," என்பார். சொல்லியும் விடுவார். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

கராத்தே படம்தான் அவரைக் குழப்பியது.

சண்டை போடும் சைனாப் படம் எதுவானாலும் இங்கே அதற்குப் பெயர் கராத்தே படம். பேச்சு இங்கிலீஷ். வாய் அசைந்து முடிந்த பிறகும் பேச்சு வந்துகொண்டிருக்கும். மில் ஆட்கள், பேண்டேஜ் தறிக்காரர்கள், செட்டியார்பட்டியிலிருந்து சைக்கிளில் மூன்று பேராக வருகிறவர்கள், யாருக்கும் ஒரு வார்த்தை புரியாது. புரியவில்லை என்று எவனும் எழுந்து போனதில்லை. வெள்ளைத்தாடி வைத்தவர் இரண்டு பேர் வருவார்கள். தாடியைத் தடவிச் சிரிப்பவன் கெட்டவன், சிரிக்காதவர் குரு. அடி வாங்கியவன் கடைசியில் அடிப்பான். இவ்வளவு ஒழுங்கான நியாயம் வெளியே கிடைப்பதில்லை. டிக்கெட் எடுத்துப் பார்க்கிறார்கள்.

இருதயத்துக்கு இதில் சிக்கல் இப்படி. பெட்டி கட்டும்போது சந்தையில் உதை வாங்கி, சிதறிய கத்திரிக்காயைப் பொறுக்கிக்கொண்டிருந்த பையன், அவர் திரும்பி வரும்போது கோயில் கூரைமேல் நின்று பத்துப் பேரை ஒருவன் பின் ஒருவனாகக் கீழே தள்ளிக்கொண்டிருக்கிறான். அதே முகம், அதே சட்டை.

"நான் சீவில்லிபுத்தூர் போயிட்டு வாரேன். அதுக்குள்ள அவன் ஆளே மாறிட்டான். நான் போன மாதிரியேதான் வந்து நிக்கேன்," என்றார் ஒருநாள். சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

காரணம் இருந்தது. போன மாதம் ஒரு மாலை, ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லையில் இருக்கும் மடவார் வளாகத்துக்கு வெகுதூரம் முன்பே பின்சக்கரம் பஞ்சர். பெட்டிகளோடு வண்டியைத் தள்ளிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். அதற்குள் கூட்டம் நாற்காலிகளை உடைத்திருந்தது. அங்கே வாசலைப் பார்த்துக்கொள்ளும் ஐயாதுரை, இவரைவிடப் பத்து வயது சின்னவன், பெண்கள் வரிசைக்கு முன்னால் வைத்துக் கன்னத்தில் அறைந்தான். இருதயம் கையில் அப்போதுதான் அவிழ்த்த டியூப் இருந்தது.

"நீங்க என்ன செஞ்சீக?" என்று வீட்டில் மனைவி பரிபூரணம் கேட்டிருக்கிறாள்.

"டியூபைச் சுத்துனேன்."

"சுத்தி?"

"சீட்டுக்கு அடியில வச்சேன்."

அதுவரை ஐயாதுரையைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார். அதன்பிறகு எப்படியும் கூப்பிடுவதில்லை. வாசலில் வண்டியை நிறுத்தி, "பொட்டி" என்பார். அவன் விலகும்வரை கீழே பார்த்துக்கொண்டு நிற்பார். தினமும் அதே வாசல், அதே ஆள். வேலையை விட வழியில்லை. திருப்பி அடிக்கத் தெரியவில்லை. கத்திரிக்காய் பொறுக்கியவனுக்கு நடுவில் யாரோ ஏதோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அது இன்னதென்று தெரிந்தால் போதும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

ஆபரேட்டர் பால்சாமியைக் கேட்டார்.

"நடுவுல என்னண்ணே நடக்கு?"

"தண்ணி தூக்குதான்."

"பொறவு?"

"மலைமேல ஒரு கெழவன் இருக்கான். அவன் அம்புட்டையும் கொட்டிவிடுதான். இவன் எறங்கிப் போயி மறுபடி தூக்கிட்டு வாரான்."

"கேலி பண்ணாதீங்கண்ணே."

"உள்ளதைச் சொன்னா கேலிங்கே. நீ தூக்கலியாலே, இங்கேருந்து அங்க, அங்கேருந்து இங்க?"

இருதயம் இரண்டு நாள் பால்சாமியிடம் பேசவில்லை. முத்து முகம்மதுவைக் கேட்டார்.

"அந்த நேரந்தான்வே எனக்கு யாவாரம். சண்டை இல்லைன்னதும் தியேட்டர்ல பாதிப் பேரு இங்க வந்து நிப்பான். நடுவுல ஏதாச்சும் இருந்தா எவனாவது டீ குடிக்க வருவானா?"

என்னையும் கேட்டார். நான் முத்து முகம்மது சொன்ன பாதிப் பேரில் ஒருவன். பீடிப் புகைக்கு நடுவே நின்றிருந்தேன், ஒன்றும் பார்க்கவில்லை. விசாரித்த எல்லோரும் தண்ணீர் என்றார்கள், ஒருவர் விறகையும் சேர்த்துக்கொண்டார். அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

"தண்ணி தூக்கினா சண்டை வந்துருமா? எங்க வீட்ல பரிபூரணம் கலியாணம் ஆன நாள்லேர்ந்து அடிபம்புல தண்ணி தூக்குதா. அவ எவனை அடிச்சா?"

இதைப் பரிபூரணத்திடமும் சொல்லியிருக்கிறார். "அடிக்கணும்னு இருந்தா மொதல்ல யாரை அடிச்சிருப்பேன்னு கேளுங்க," என்றாளாம். அவர் கேட்கவில்லை.

வியாழக்கிழமை வந்தது. மறுநாள் படம் மாறிவிடும். முதல் சுருள்கள் முடிந்ததும் பால்சாமி பெட்டிகளை மூடிப் படிக்கட்டின் கீழே இறக்கி வைத்தார். இருதயம் சாக்கை விரித்து, பெட்டிகளை அதன்மேல் வைத்துவிட்டு, உள்ளே போய்த் திரைக்கு நேரே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். நான் பக்கத்துப் பெஞ்சில் இருந்தேன்.

பால்சாமி ஒருமுறை கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "லேய் இருதயம். பொட்டி கெடக்கு."

"கெடக்கட்டும்ணே."

"வேலை போயிரும்லே."

"செத்த நேரம்ணே."

இடைவேளை முடிந்தது. பையன் மலைக்குப் போனான். ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து டீ குடிக்கப் போனார்கள். கிழவர் பாறையில் உட்கார்ந்திருந்தார். பையன் இரண்டு வாளிகளில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். கிழவர் காலால் தள்ளிக் கொட்டினார். பையன் இறங்கினான். மறுபடி கொண்டுவந்தான். மறுபடி கொட்டினார். இங்கிலீஷில் நெடுநேரம் ஏதோ சொன்னார், பையன் தலையாட்டினான். பனி பெய்தது, பூ பூத்தது. வாளியோடு படியேறும்போது கிழவர் ஒரு கம்பால் அவன் காலில் அடித்தார். தண்ணீர் சிந்தியது. திரும்பவும் அடித்தார். திரும்பவும் சிந்தியது. பிறகு ஒருமுறை தோளில் அடித்தார். பையன் வாளிகளைப் பார்த்தான், வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று. சிந்தவில்லை. கிழவர் முதல்முறையாகச் சிரித்தார். அடுத்த காட்சியில் பையன் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தான்.

இருதயம் இன்னும் ஏதோ வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார். டீ குடிக்கப் போனவர்கள் சண்டைச் சத்தம் கேட்டு உள்ளே ஓடி வந்தார்கள். அவர் எழுந்து வெளியே போனார். நானும் கூடப் போனேன்.

பால்சாமி படிக்கட்டில் நின்றிருந்தார். "பாத்தியா?"

"ஒண்ணும் இல்லண்ணே. நீங்க சொன்னதுதான்."

முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. பெட்டிகளைப் பார்த்தார். தோளில் வைக்கவில்லை. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டையும் கைப்பிடியில் பிடித்துத் தூக்கினார். வண்டிவரை அப்படியே நடந்து போய்க் கட்டினார். முடிவைப் பார்க்காமல் அவர் பார்த்த ஒரே கராத்தே படம் அது.

அன்று அங்கே வாசலில் என்ன நடந்தது என்பதை ஐயாதுரையே சில நாள் கழித்து ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் என்னிடம் சொன்னான். கூட்டம் விசிலடித்துக்கொண்டிருந்தது. விளம்பர ஸ்லைடையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் தெருவுக்கே வந்து நின்றிருக்கிறான்.

"அறைஞ்சேங்க. இல்லைன்னு சொல்லல. ரெண்டு கையிலயும் பொட்டி. கீழ வச்சுட்டு ஏதாச்சும் பேசுவான்னு நெனச்சேன். வைக்கல. இந்தப் பொட்டியைப் பாக்கான், அந்தப் பொட்டியைப் பாக்கான், ஏதோ சிந்திருச்சாங்கற மாதிரி. பிலிம் பொட்டி எப்படிங்க சிந்தும்?"

"பிறகு?"

"பொறவு என்ன, மாடிக்குப் போயிட்டான். என்னையப் பாக்கவே இல்ல. எனக்கு இன்னைக்கு வரைக்கும் ஒண்ணும் ஓடல. அவன் என்னதாங்க பாத்தான்?"

எனக்குத் தெரியாது என்றேன். ஓரளவு உண்மைதான்.

அந்த வியாழனுக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை. தமிழ்ப் படம், பாட்டு நிறைய. ராஜபாளையத்து மேனேஜர் சம்பளத்தில் பிடிப்பதாகச் சொன்னார். இருதயம் சரி என்றார். முதல் சுருள்கள் முடிந்ததும் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். நான் சொந்த வேலையாக ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தேன். தியேட்டர் வாசலில் வண்டி வந்து நின்றது, நேரத்துக்கு. ஐயாதுரை படியில் நின்றுகொண்டிருந்தான். இருதயம் டியூபை அவிழ்த்துச் சுற்றிச் சீட்டுக்கு அடியில் வைத்தார். இரண்டு பெட்டிகளையும் இரண்டு கையில் தூக்கிக்கொண்டு வந்து அவன் முன்னால் நின்றார்.

"தம்பி," என்றார். "செத்த தள்ளிக்கோங்க."

ஐயாதுரை ஒரு காலைப் படியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தான். பிறகு மற்றதையும் எடுத்து வைத்தான்.