தட்டிப் பாத்துச் சொல்ற சம்பந்தி

ஒட்டின டைல்ஸ விரல் முட்டியால டொக்கு டொக்குன்னு தட்டுறாரு, காதச் சாய்ச்சுக் கேக்குறாரு, "கெட்டி, உள்ள பொந்து இல்ல"ங்கிறாரு. உடனே அதே கை சட்டப் பாக்கெட்டுக்குள்ள போகுது. அட்டையிலருந்து ஒரு வலி மாத்திர பிதுங்கி வாய்க்குள்ள விழுது. தண்ணி கூட வேண்டாம். இவருதான் ஏசுதாஸ், என் மக வினிதாவோட மாமனாரு. இருவது வருசமா மைசூருல மண்டி போட்டு டைல்ஸ் ஒட்டி முட்டி போச்சு. "சாப்ட்டுட்டுப் போடுங்க"ன்னு மெடிக்கல்காரன் சொன்னா, "சோறு லேட்டா வரும்பா, வலி லேட்டா வருமா?"ம்பாரு.

எங்க பேத்தி பொறந்து ஒரு மாசம். தங்கம். மூக்கு அப்படியே என் மூக்கு. இவரு "என் மூக்கு"ன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுறாரு. ஞாயித்துக்கிழம ஞானஸ்நானம். அன்னிக்குக் கோயிலுக்குள்ள பாப்பாவ யாரு தூக்கிட்டுப் போறதுன்னு போட்டி. சீட்டு குலுக்கினோம். அவரு பேரே வந்துச்சு.

அந்த வாரம் மனுசன் சுண்ணாம்பு அடிச்ச சுவரு மாதிரி வெளுத்துட்டாரு. எந்திரிச்சா தல சுத்துது. "வெளிக்குக் கருப்பா போகுதாம்"னு சம்பந்தியம்மா நிம்மி என் காதுல போட்டாங்க. கேட்டா எரிஞ்சு விழுறாரு. மைசூருல கேப்பக்களிக்கு ராகி முத்தேன்னு பேரு, அவருக்குத் தினம் அதுதான்.

"ராகி முத்தே தின்னா வெள்ளையாவா போகும்?"

தொப்பையத் தட்டிக் காமிக்கிறாரு. "கேளுங்க சம்பந்தி. கெட்டி. உள்ள ஒரு கோளாறும் இல்ல."

வியாழக்கிழம காலையில வாசல்லயே வாந்தி. காப்பித்தூளக் கரைச்சு ஊத்தின மாதிரி. "காப்பி குடிச்சேன்ல, அதான்"ங்கிறாரு. அன்னிக்கு அவரு வீட்டுல காப்பியே போடல.

ஆட்டோவுல அள்ளிப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கேஷுவாலிட்டியில நர்ஸு ஹில்டா, நம்ம தமிழ்ப் பொண்ணு. நாடி பிடிச்சுச்சு, பிரஷர் பாத்துச்சு, ரெண்டு கையிலயும் ஊசி குத்தி சலைன் ஏத்துச்சு, என்ன குரூப்புன்னு பாக்க ரத்தம் எடுத்து அனுப்புச்சு. அப்புறம்தான் பேச்சு. கருப்பா போறத நான் சொன்னேன்.

"தார் மாதிரி ஒட்டுதா? ரொம்ப நாறுதா?"

"ராகி முத்தே, சிஸ்டர்."

"நானும் தினம் முத்தேதான் திங்கறேன் அங்கிள். எனக்கு ரோடு போடுற தாரா வருது?"

ரெண்டு பாட்டில் ரத்தம் ஏறிச்சு. கேமரா வெச்ச குழாய வாய் வழியா விட்டுப் பாத்தாங்க. அந்தக் கெட்டி வயித்துக்குள்ள புண்ணு, அதுலருந்து ரத்தம் கசியுது. சின்னதா ஒரு கிளிப்பு மாட்டி டாக்டரு நிறுத்தினாரு. "இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா ஆளே இல்ல. இனி வலி மாத்திரயத் தொடவே கூடாது"ன்னாரு.

"ஏன்யா முன்னாடியே சொல்லல?"ன்னேன்.

"சொன்னா படுக்கப் போட்டுருவாங்க. ஞாயித்துக்கிழம பாப்பாவ நீங்க தூக்கிட்டுப் போயிருப்பீங்க."

உயிரு போனாலும் பரவால்ல, நான் மட்டும் தூக்கக் கூடாது! இப்படி ஒரு சம்பந்தி யாருக்கு வாய்க்கும்?

ஞானஸ்நானத்த மூணு வாரம் தள்ளி வெச்சோம். அதுக்குள்ள நிம்மியம்மா, இனி மாத்திர அட்ட உள்ள போகக் கூடாதுன்னு, அவரு சட்ட அத்தனையிலயும் பாக்கெட்டு வாயத் தைச்சு மூடிட்டாங்க. அன்னிக்குப் பாப்பாவ வலது கையில ஏந்திக்கிட்டு மகாராஜா மாதிரி நொண்டி நொண்டி நடந்தாரு. நான் பக்கத்துலயே போனேன், புள்ளயத் தவற விட்டுருவாரோன்னு. சாமியாரு ஜெபம் ஆரம்பிச்சாரு. எல்லாரும் கண்ண மூடினாங்க. நான் மூடல. சம்பந்தியோட இடது கை மெதுவா மேல வந்துச்சு. கட்ட வெரல் நகம் பாக்கெட்டுத் தையல ஒவ்வொரு நூலா பிரிக்க ஆரம்பிச்சுச்சு.