கருப்பு ரப்பர் பட்டை

ஆஸ்டின் டவுனில் முழங்கால் வலிக்காக நான் போய்க்கொண்டிருந்த பிசியோதெரபி கிளினிக்கில், பக்கத்துக் கட்டில் அவருடையது. வைட்ஃபீல்டில் ஏதோ கம்பெனிக்கு வேன் ஓட்டுபவர். ஐம்பது வயதிருக்கும், சாயம் பூசிய மீசை, இஸ்திரி கலையாத காக்கிச் சட்டை. கிளட்ச் மிதித்து மிதித்தே இடது முழங்கால் கெட்டுப்போயிருந்தது.

கட்டில் காலில் ஒரு ரப்பர் பட்டையைக் கட்டி, மறுமுனையைக் கணுக்காலில் மாட்டிக் காலை நீட்டச் சொல்வார்கள். மஞ்சள் பட்டை லேசாக இழுக்கும். கருப்பு உயிரை எடுக்கும். அவர் இரண்டாம் நாளே கருப்பைக் கேட்டு வாங்கினார். முட்டி இன்னும் வீங்கியது. பிசியோ பெண் "வலிக்குதாண்ணா?" என்று கேட்கும்போதெல்லாம், கட்டில் விளிம்பை இறுக்கிப் பிடித்தபடி, "இல்லம்மா, ஜம்முனு இருக்கு" என்பார்.

அவள் நகர்ந்ததும், "ஏண்ணா மறைக்கிறீங்க?" என்றேன்.

"சொன்னா ரெஸ்ட் எடுன்னு எழுதிடுவாங்க சார். வண்டியில வேற ஆள் உக்காந்துடுவான். கருப்பை இழுத்துக் காட்டினா, கால் சரியாயிடுச்சுன்னு சீக்கிரம் விட்டுடுவாங்கல்ல?"

ஒருநாள் கட்டிலை விட்டு இறங்கியவர், கால் மடங்கி, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண் ஓடிவந்தாள். "வலிக்குதாண்ணா?"

கண்ணில் தண்ணீர் வழிய, "இல்லம்மா" என்றார். அதன்பின் அவர் வரவில்லை.

நானும் ஆபீஸ் வேனில்தான் வேலைக்குப் போகிறேன். டிராபிக்கில் எங்கள் டிரைவர் கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் அந்த இடது காலையே பார்க்கிறேன். வலிக்கிறதா என்று மட்டும் கேட்டதில்லை. என்ன சொல்வார் என்று தெரியும்.