முடுக்கம் பூஜ்யம்

குழந்தை பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. பொம்மிடியில் அம்மா வீட்டில் இருந்தேன். என் ஆய்வுக் கட்டுரையை ஒரு பத்திரிகை ஏற்றுக்கொண்டு மெய்ப்புப் பார்க்க அனுப்பியிருந்தது. மூன்று நாளில் திருப்பி அனுப்ப வேண்டும்.

என் ஆய்வில் வரும் துகள் உணர்கருவி காகிதத்தில் மட்டும் இருப்பது. இரண்டே ஆற்றல் நிலைகள் உள்ள ஓர் அணு என்று வைத்துக்கொள்ளலாம். வெற்றிடத்தில் ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தால் அதில் ஒன்றும் பதிவாகாது. வேகம் விடாமல் கூடிக்கொண்டே போனால் அதே வெற்றிடம் அதற்குச் சூடாகத் தெரியும். கருந்துளைக்குப் பக்கத்தில் அதன் ஈர்ப்பில் விழாமல் நின்றாலும் ஏறக்குறைய அப்படித்தான். மற்றவர்கள் கணக்கிட்டதைவிட அந்தச் சூடு கொஞ்சம் கூடுதல் என்று நான் எழுதியிருந்தேன்.

இரண்டாம் நாள் மதியம், குழந்தை தூங்கியதும், ஒரு வரைபடத்தைச் சரிபார்க்க மடிக்கணினியைத் திறந்தேன். சும்மா முடுக்கத்துக்குப் பூஜ்யம் போட்டு ஓடவிட்டேன். எல்லாம் அடங்கிப்போயிருக்க வேண்டும். அந்தக் கூடுதல் மட்டும் அப்படியே நின்றது.

நிரலை வரிவரியாகப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. கணக்கில் கருவியைப் படக்கென்று இயக்கி, படக்கென்று நிறுத்தியிருந்தேன். அதனால் வந்த பதிவுகளைத்தான் முடுக்கத்தின் பேரில் எழுதியிருக்கிறேன். பிரசவத்துக்கு முன் முடித்துவிடும் அவசரத்தில் இந்தச் சின்னச் சோதனையைச் செய்யவில்லை.

உட்கார முடியவில்லை. கூடத்துக்கும் கொல்லைக்குமாக நடந்தேன். பால் காய்ச்சிக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தாள்.

"கொழந்த தூங்கறப்பவே நீயும் படுக்கலாமில்ல? எதுக்கு வூட்டச் சுத்திச் சுத்தி வர்ற?"

இடுப்பு வலி என்று சொன்னேன். வெந்நீர் வைக்கப் போய்விட்டாள்.

ஓசூரில் வேலையில் இருந்த கணவரைக் கூப்பிட்டேன். பொறுமையாகக் கேட்டார்.

"யாராச்சும் கண்டுபுடிப்பாங்களா?"

"இப்போதைக்கு மாட்டாங்க."

"அப்புறம் என்ன? ஒடம்பு தேறட்டும், பொறவு பாத்துக்கலாம்."

என் மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார். எனக்கும் அது இனிக்கத்தான் செய்தது. அன்றைக்குப் பொழுது சாயும்வரை அந்த யோசனையோடே இருந்தேன். குழந்தைக்குப் பால் கொடுக்கும்போதும் மனம் வரைபடத்திலேயே கிடந்தது. அது அழுததைக்கூட அம்மா சொல்லித்தான் கவனித்தேன்.

மறுநாள் காலையில் என் நெறியாளருக்குப் போன் செய்தேன். சென்னையில் இருக்கும் பேராசிரியை. கட்டுரையில் அவர் பெயரும் உண்டு. நடந்ததைச் சொல்லி முடித்தேன். திட்டுக்குக் காத்திருந்தேன்.

"நானும் பூஜ்யம் போட்டுப் பாக்கலையேம்மா," என்றார்.

அன்றே பத்திரிகைக்கு எழுதி, கட்டுரையைத் திரும்பப் பெற்றோம். கருவியை மெல்ல இயக்கி மெல்ல நிறுத்துவதாக வைத்துக் கணக்கை மறுபடி போட எனக்கு நான்கு மாதம் பிடித்தது. கூடுதல் என்று எதுவும் மிஞ்சவில்லை. எல்லோருக்கும் முன்பே தெரிந்த அதே சூடுதான் வந்தது. திடீரென்று இயக்கினால் எவ்வளவு பொய்ப்பதிவு சேரும் என்பதைத் தனியாக ஒரு சிறிய கட்டுரையாக எழுதினோம். அது இப்போது பத்திரிகைக்காக மதிப்பிடும் நடுவர்களிடம் இருக்கிறது. நாளுக்குப் பத்துத் தடவை மின்னஞ்சலைத் திறந்து பார்க்கிறேன்.